சக்கை காய்ந்த வெயில்

ஜல், ஜல், ஜல். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கால் தானாக நிற்கிறது. தி. நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருமுனை. துணிக்கடையின் கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு பிடி குளிர் வெளியே வந்து விழும் இடம். அங்கே ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. சக்கரத்தில் சலங்கை கட்டியிருக்கிறார்கள். முழுக் கரும்பு நுழையும்போது சலங்கை ஒரு மாதிரி பேசும். மடித்த கரும்புக்குள் இஞ்சியும் எலுமிச்சையும் வைத்து மறுபடி விடும்போது கொஞ்சம் முனகும். கடைசியில் சாறெல்லாம் போய் வெறும் நார் வரும்போது லேசாகி, ஓடும். ஜூஸ் குடிக்க வந்தவர்கள் டம்ளரைப் பார்ப்பார்கள். நான் வண்டிக்குக் கீழே இருக்கும் சாக்கைப் பார்ப்பேன்.

சாக்கில் சக்கை. இன்று பிழிந்தது மேலே, வெள்ளை மாறாமல், இனிப்பு மணத்தோடு. நேற்றையது அடியில், புளிப்பு ஏறி. அந்த இரண்டு வாசனையும் கலக்கிற உயரத்தில் என் மூக்கு போய் நிற்கும்போது, பக்கத்தில் ஒருத்தி வந்து நின்றுவிடுகிறாள். கையில் நீலப் பிளாஸ்டிக் பை, மூக்குக்கண்ணாடியில் வியர்வை. வருஷங்கள் போய்விட்டன. அவள் மட்டும் அதே முப்பத்திரண்டு வயதில், வண்டிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு.

நாங்கள் அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவள் ஆராய்ச்சி மாணவி. சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், வீட்டில் பாதிப் பேர் ஆசிரியர்கள். நான் நாற்பதைத் தொட்ட பிறகு, பெண் வளர்ந்து பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, மறுபடி வேலைக்குப் போனவள். ஒப்பந்த உதவியாளர். சக்கையைக் கொண்டுவருவது, அலசுவது, மொட்டை மாடியில் காயப்போடுவது, மிக்ஸியில் அடித்துச் சலிப்பது, இவை என் வேலை. வீட்டில் செய்ததையே சம்பளத்துக்குச் செய்கிறேன் என்று என் கணவர் கேலி செய்வார்.

முதல் தடவை சக்கை கேட்டு அந்த வண்டியில் போய் நின்றது நினைவிருக்கிறது.

"இன்னா மேடம், ஜூஸ் வாணாமா? சக்கை மட்டும் போதுமா? வூட்ல மாடு கீதா?"

"மாடு இல்லப்பா. லேபுக்கு."

"லேபுக்கா? சக்கைக்கு இன்னா நோவு?"

அவள் குறுக்கே புகுந்தாள். "சர்க்கரை இருக்கான்னு டெஸ்ட் பண்றோம்ணே."

"அதான் மூணு வாட்டி வுட்டுப் புழிஞ்சிட்டேனே. இனிமே இன்னா சர்க்கரை?"

"இன்னும் நிறைய இருக்கு. உங்க மெஷினுக்குத்தான் தெரியல."

வண்டிக்காரர் தன் மெஷினை ஒரு தடவை பார்த்தார். அவமானப்பட்ட மாதிரி. பிறகு அந்தச் சாக்கு எங்களுக்கென்று ஆனது. நாங்கள் வரும்போதெல்லாம், "வந்துட்டாங்கப்பா சக்கை டாக்டருங்க" என்று சத்தமாகச் சொல்வார். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு அது பிடிக்கும்.

அவள் சொன்னது உண்மைதான். நார் என்பதே சர்க்கரைதான். ஆயிரக்கணக்கான சர்க்கரைத் துணுக்குகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்து, கயிறாக முறுக்கி, இறுகிக் கிடக்கின்றன. மாட்டின் வயிற்றுக்குத் தெரியும் அதை அவிழ்க்க. காளானுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. அவிழ்த்தால் சக்கையிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் எரிபொருள் செய்யலாம். அவிழ்க்கிற வேலையைச் செய்கிற நொதி ஒன்று உண்டு. காளானில் இருப்பது. அதன் நடுவில் ஒரே ஒரு செம்பு அணு. அந்தச் செம்புக்கு யாராவது ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் நொதி நாரை வெட்டும். கொடுக்காவிட்டால் சும்மா இருக்கும். அவள் ஆராய்ச்சி அந்த 'யாராவது' யார் என்பதில்தான். கீரையின் பச்சை கொடுக்கும் என்றாள். மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கின பாலக்கீரையை அரைத்து, வடித்து, சுழலவைத்து எடுத்த பச்சை. அதன்மேல் வெளிச்சம் பட வேண்டும். வெளிச்சம் பட்டால் பச்சை எலக்ட்ரானைக் கொடுக்கும், செம்பு வாங்கிக்கொள்ளும், நொதி வெட்டும்.

"செடியைக் கட்டறதும் வெளிச்சம்தான், பிரிக்கறதும் வெளிச்சம்தான்க்கா," என்பாள். "ஒரே ஆள், ரெண்டு ஷிஃப்டு."

அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த நொதி கடைகளில் கிடைக்காது. ஐரோப்பாவில் ஒரு குழு அதைச் செய்து, உலர் பனிக்கட்டி வைத்து, நாலு குட்டிக் குழாய்களில் அனுப்பியிருந்தது. மூன்று தீர்ந்துவிட்டன. முதல் மூன்று தடவையும் வெட்டியது, ஆனால் தெம்பில்லாமல். வெளிச்சத்தில் வைத்ததற்கும் இருட்டில் வைத்ததற்கும் உள்ள வித்தியாசம், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும் அளவு. நாலாவது குழாய் கடைசி. அதில் தெளிவாக வந்தால் அந்தக் குழுவிலேயே அவளுக்கு ஓர் இடம். மாத முடிவுக்குள் முடிவை எழுது, காத்திருக்கிறோம் என்று கடிதம் வந்திருந்தது. உதவித்தொகையும் அந்த மாதத்தோடு முடிகிறது. அந்தக் கடிதத்தை அவள் காகிதத்தில் அச்செடுத்து, பைபிளுக்குள் வைத்திருந்தாள் என்று அவள் அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கடைசிக் குழாயை எப்போது பயன்படுத்துவது? ஆயுத பூஜை விடுமுறையில், என்று அவளே முடிவு செய்தாள். விளக்குகள் இருந்தது ஜன்னல் இல்லாத ஒரு பழைய ஸ்டோர் ரூமில். வேலை நாளென்றால் யாராவது ஒருத்தர் கதவைத் திறப்பார், அட்டைப் பெட்டியை எடுப்பார், விளக்கை மறைத்துக்கொண்டு நின்று போன் பேசுவார். விடுமுறையில் இரண்டு நாள் முழுக்க யாரும் நுழைய மாட்டார்கள். விடுமுறைக்கு முந்தின நாளே எங்கள் கூடத்தில் பூஜை. அன்று காலையில் பன்னிரண்டு குடுவைகளை வைத்தாள். ஆறு விளக்கின் கீழ் திறந்தபடி, ஆறு சில்வர் பேப்பரில் சுற்றி இருட்டாக. மதியம் தூத்துக்குடி கிளம்பினாள், சித்தி மகள் கல்யாணத்துக்கு.

"அக்கா, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நாளைக்கு ஒரு தடவை வந்து விளக்கு எரியுதான்னு மட்டும் பாத்துட்டுப் போங்க. அவ்ளோதான்."

"போயிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

எங்கள் கூடத்தில் ஆயுத பூஜை அமர்க்களமாக இருக்கும். லேப் அட்டெண்டர் அண்ணன்தான் அதற்கு முதலாளி. ஒரு காலத்தில் அடையாற்றுக் கரையில் குடியிருந்து, பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டு, தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர். வருஷம் பூராவும் எங்களுக்கு 'சரி மேடம்' சொல்கிறவர், அன்றைக்கு மட்டும் எங்களை வேலை வாங்குவார். தராசு, மைக்ராஸ்கோப், நுண்குழாய்கள், வெளிச்சத்தை அளக்கும் கையடக்க மீட்டர், எல்லாவற்றையும் துடைத்து புரொஃபசர் அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினார். தூக்க முடியாத பெரிய மெஷின்களுக்கு இருந்த இடத்திலேயே சந்தனம் குங்குமம். அது என் பங்கு. ஒரு கையில் சந்தனக் கிண்ணம். பொட்டு வைப்பேன், சுவிட்சை அணைப்பேன், அடுத்ததுக்குப் போவேன். பொட்டு வைத்தால் ஓய்வு. மறுநாள் தொடக்கூடாது, விஜயதசமி அன்று கற்பூரம் காட்டித்தான் மறுபடி போட வேண்டும். "மெஷினும் மனுசன்தான் மேடம். வருசத்துக்கு ஒரு நாள் தூங்கட்டும் வுடு," என்பார் அண்ணன்.

பொரி, சுண்டல், சர்க்கரைப் பொங்கல். புரொஃபசர் கற்பூரம் காட்டினார். அண்ணன் வந்து கேட்டார், "மேடம், நம்ம மாடிக்கு மெயினையே ஆஃப் பண்ணிரலாமா? ஃப்ரீசரு கீழ தனி லைன்ல கீது, அத்த தொடல."

"ஆமாண்ணே," என்றேன், பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டே. "எல்லாத்தையும்."

ஸ்டோர் ரூம் விளக்குச் சட்டத்திலும் நான் பொட்டு வைத்திருந்தேன். அழகாக, நடுவில். பொட்டு வைத்த கையே அணைத்தும் இருந்தது. அணைத்தது எனக்கு உறைக்கவே இல்லை. என் கைக்கு அது ஒரு சடங்கு. அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறது.

மறுநாள் காலை மேற்கு மாம்பலத்தில் என் வீட்டுச் சமையலறை. இட்லி வெந்துவிட்டது. பெண் தட்டோடு வந்து நின்றாள்.

"சட்னி எங்கம்மா?"

"இன்னிக்கு மிக்ஸியத் தொடக்கூடாது. பொடி வெச்சுக்கோ."

மிக்ஸி, முந்தின ராத்திரியே வைத்த குங்குமப் பொட்டோடு மேடையில் உட்கார்ந்திருந்தது. பிளக் பிடுங்கியபடி. நான் அதைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தது. அடுப்பை அணைத்துவிட்டு லேப் சாவியைத் தேடினேன்.

ஆட்டோவில் சைதாப்பேட்டை தாண்டும்வரை என் கையில் இட்லிப்பொடி ஒட்டியிருந்தது. ஸ்டோர் ரூம் சாவி என்னிடம் இருந்தது. திறந்தேன். கும்மிருட்டு. போன் வெளிச்சத்தில் பன்னிரண்டு குடுவைகளும் தெரிந்தன. திறந்த ஆறும், மூடிய ஆறும், ஒரே இருட்டில். பதினாறு மணி நேரமாக.

மெயின் போர்டு பூட்டியிருந்தது. விளக்குச் சட்டம் சுவரோடு முடுக்கியது, கழற்றிக் கீழே தூக்கிப் போக முடியாது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சாவி என்கைலதான் மேடம் கீது. நான் பெரும்பாக்கத்துல கீறேன். இன்னிக்கு பஸ்ஸ எதிர்பாத்து வந்து சேர்றதுக்குள்ள சாயந்தரம் ஆய்டும். இன்னா ஆச்சு?"

"விளக்கு அணைஞ்சிருக்குண்ணே. அவளோட விளக்கு."

"அய்யய்யோ," என்றார் மெதுவாக. "நான் கேட்டேனே மேடம்."

"நீங்க கேட்டீங்க. நான்தான் சொன்னேன்."

அவள் எண்ணையும் தொட்டேன். முதல் மணி அடிக்குமுன் வெட்டிவிட்டேன். கோயிலில் இருப்பாள், பட்டுப்புடவையில், முதல் வரிசையில். என்ன சொல்வது? அங்கிருந்து என்ன செய்வாள்?

பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. சக்கை காயப்போடுகிறவளுக்கு வெளிச்சம் என்றால் மொட்டை மாடி. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை மாடிக்குத் தூக்கினேன். குழாய்த் தண்ணீர், கீழே ஃப்ரீசரிலிருந்து ஐஸ். சூடு ஏறினால் நொதி செத்துவிடும் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு குடுவைகளையும் தண்ணீருக்குள் கழுத்தளவு நிற்கவைத்தேன். சுற்றிய ஆறும் கூடவே, அதே தொட்டியில், பேப்பர் கலையாமல். ஒரு தெர்மாமீட்டரை நட்டேன். அரை மணிக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்துப் பொரிப் பொட்டலத்தின் முதுகில் எழுதினேன். ஐஸ் போட்டேன். தண்ணீர் மாற்றினேன்.

வெளிச்சத்தை எழுதவில்லை. மீட்டர் புரொஃபசர் அறைக்குள், பூட்டின கதவுக்குப் பின்னால், நெற்றியில் குங்குமத்தோடு சரஸ்வதிக்கு முன் உட்கார்ந்திருந்தது.

மழைக்காலத்துக்கு முந்தின அந்த வெயில்! ஆற்றுப் பக்கத்து மரங்கள் எண்ணெய் தேய்த்த மாதிரி பளபளத்தன. ஊரில் எல்லா மெஷினும் தூங்கிய நாள். லாரிகள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஓரமாக நின்றன. எங்கோ பூசணிக்காய் உடைக்கிற சத்தம். மாடிச் சுவரோரம் முந்தின நாள் அலசி வைத்த சக்கை ஒரு கூடை ஈரமாக இருந்தது. சும்மா உட்கார முடியாமல் அதையும் பக்கத்தில் பரப்பினேன். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குடுவைக்குள் பச்சை, வெயில் பட்டதும் உள்ளிருந்து எரிவது போல. ஜன்னலில்லாத அறையில் அந்தப் பச்சையை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பயத்துக்கு நடுவிலும் கண் நிறைந்தது. அந்தப் பகலை இப்போது நினைக்கும்போது குற்றம் பின்னால் போய், அந்தப் பச்சைதான் முன்னால் வருகிறது. இது நியாயமா என்று தெரியவில்லை.

சாயங்காலம் குடுவைகள் இருட்டறைக்குத் திரும்பின. விஜயதசமி காலையில் அண்ணன் முதல் பஸ்ஸில் வந்து கற்பூரம் காட்டி மெயினைப் போட்டார். விளக்கு எரிந்தது. நான் மீட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன், நேற்றைய வெயிலை இன்றாவது அளந்துவிடலாம் என்று. வானம் மூடியிருந்தது. தூறல் விழத் தொடங்கியது.

அவள் ஊரிலிருந்து வந்து, அல்வா டப்பாவை என் மேஜையில் வைத்துவிட்டு நேரே குடுவைகளிடம் போனாள். சாயங்காலம் நடைக்கூடத்தில் ஓடிவந்தாள். கையில் அச்சடித்த தாள், பிரிந்து வந்த சர்க்கரையின் வரைபடம். இருட்டுக் குடுவைகளில் ஒன்றுமில்லை, தட்டையான கோடு. வெளிச்சக் குடுவைகளில் மலை மலையாக எழும்பியிருந்தது. முந்தின மூன்று தடவையும் சேர்த்துக்கூட அவ்வளவு இல்லை.

"அக்கா, பாருங்களேன்! மாதாவே, பாருங்களேன்!"

நோட்டில் எழுதினாள். எங்கள் நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் செய்தவர் கையெழுத்து ஒன்று, சாட்சி கையெழுத்து ஒன்று. 'விளக்கு: தொடர்ந்து, இரண்டு நாள்' என்று எழுதி நோட்டை என் பக்கம் திருப்பினாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு நாள். எட்டு நாளும் மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் அம்மா கொடுத்தனுப்பிய மீன் குழம்பை என் சைவத் தட்டிலிருந்து ஒரு கை தூரத்தில் வைத்துக்கொண்டு, அங்கே குளிர் எப்படி இருக்கும், என்ன கோட்டு வாங்க வேண்டும் என்று பேசுவாள். அண்ணன் எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார். அல்வா டப்பாவை நான் திறக்கவே இல்லை. வெட்டியது நொதிதானே, வெளிச்சம்தானே வெட்டவைத்தது, விளக்கானால் என்ன சூரியனானால் என்ன என்று எனக்கு நானே வாதாடுவேன். மறு நிமிஷம் நினைப்பேன். அந்த விளக்கையே நம்பி அங்கே போய் அவள் இதை மறுபடி செய்வாள். வராது. அந்நிய ஊரில், யாரையும் கேட்க முடியாமல், தன் கையையே சந்தேகப்படுவாள்.

லேப் கூட்டத்தில் அவள் முடிவைச் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம். சக்கை வாங்கப் போனோம். ஜூஸ் வாங்கித் தந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. இப்படி முழிச்சா பயமா இருக்கு."

"விளக்கு எரியல."

"எந்த விளக்கு?"

சொன்னேன். பொட்டு, மெயின், மிக்ஸி, மாடி, தொட்டி, எல்லாம். அவள் டம்ளரைக் கையில் பிடித்தபடி கேட்டாள். சலங்கை சத்தம் நின்று நின்று வந்தது.

"மீட்டர்?"

"சாமி முன்னாடி இருந்துச்சு."

சிரித்தாள். ஆரம்பத்தில் அது சிரிப்புதான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

"இன்னா மேடம், சண்டையா?" என்றார் வண்டிக்காரர். "ஜூஸ் சரியில்லியா?"

"ஜூஸ் நல்லாருக்குண்ணே," என்றாள் துப்பட்டாவுக்குள்ளிருந்து. பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில், "அணைச்சது கூடப் பரவால்லக்கா. கையெழுத்துப் போட்டீங்களே."

நான் டம்ளரை வண்டி மேல் வைத்தேன்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. அண்ணனுக்கு."

"அண்ணன் சொல்ல மாட்டாரு."

"மாட்டாரு."

"நீங்களும் சொல்ல மாட்டீங்க, நான் வேணாம்னா."

"நீ சொன்னா சொல்ல மாட்டேன்."

அப்படித்தான் சொன்னேன். அவள் தலைமேல் தூக்கி வைத்துவிட்டு நான் கையைக் கழுவிக்கொண்டேன். இன்றுவரை என்னை உறுத்துவது அந்த வாக்கியம்தான். ஒரு முழுக் கரும்பு உள்ளே போய், மடித்து, மறுபடி போய், சக்கையாக வெளியே வரும் நேரம் அவள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொரிப் பொட்டலம் இருக்கா? சூடு எழுதினது?"

"இருக்கு."

"நாளைக்கு எடுத்துட்டு வாங்க. நோட்டுல ஒட்டணும்."

எங்கள் நோட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பென்றால் ஒரே கோடு, உள்ளே இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து. மறுநாள் காலையில் அவள் அளவுகோல் வைத்து அந்த வரியின் மேல் கோடு போட்டாள். 'விளக்கு அணைந்திருந்தது. ஒரு பகல் சூரிய வெளிச்சம், அளக்கப்படவில்லை.' பொரிப் பொட்டலத்தை ஒட்டினாள். எண்ணெய்க் கறை பக்கம் முழுக்கப் படர்ந்தது. நோட்டை என் பக்கம் திருப்பினாள். நான் மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

கூட்டத்தில் அவளே எல்லாவற்றையும் சொன்னாள், என் பெயரைச் சொல்லாமல். நானே எழுந்து நின்று நான்தான் என்றேன். புரொஃபசர் கோபக்காரர் இல்லை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எவ்வளவு வெளிச்சம் இருந்தது அன்னிக்கு?"

"நல்ல வெயில் சார்," என்றேன்.

அறை சிரித்தது. அவளும்கூட.

"குத்துமதிப்பா ஒண்ணு போடலாம்மா. ஆனா தீசிஸ்ல குத்துமதிப்பு நிக்காது," என்றார் அவர், அவளைப் பார்த்து, வருத்தமாகவே.

போனிலேயே வெளிச்சத்தை அளக்கிற செயலி உண்டு என்று பிறகு என் பெண் சொன்னாள். நான் தெர்மாமீட்டரும் போனும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஐரோப்பாவுக்கு அவள் ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள். பதில் மரியாதையாக வந்தது. மிகவும் சுவாரஸ்யம், மறுபடி செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். மறுபடி செய்யக் குழாய் இல்லை. புதிதாகச் செய்ய மாதக்கணக்காகும் என்றார்கள். அந்த இடம் காத்திருக்கவில்லை, வேறு யாருக்கோ போயிற்று. அவள் மீதி அத்தியாயங்களை வைத்து ஆராய்ச்சியை முடித்தாள். அந்த மாடிப் பகல் அதில் ஒரு வரியாகக்கூட இல்லை. திருச்சியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. வீட்டில் எல்லோரும் செய்கிற வேலை. செய்யாமல் தப்பிக்கப் பார்த்த வேலை.

போகுமுன் ஒரு சாயங்காலம், வகுப்புக்குக் கட்டிப்போகப் புடவை எடுக்க வேண்டும், வாங்க என்று கூப்பிட்டாள். தி. நகர் முழுக்க நடந்து ஆறு பருத்திப் புடவை எடுத்தோம். எல்லாமே ஏதோ ஒரு பச்சை. வண்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் சாக்கை இழுத்து வைத்தார்.

"இன்னிக்கு சக்கை வேணாம்ணே," என்றாள். "ஜூஸ் மட்டும்."

"இன்னா மேடம், சக்கைக்கு ஒடம்பு சரியாய்ட்ச்சா?"

"ஆயிடுச்சுண்ணே."

அவர் இரண்டு டம்ளருக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். சாந்தோமுக்கு ஆட்டோ பேசி ஏறினாள். பைகளை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தேன். நான் மாம்பலம் பக்கம் நடக்க வேண்டும். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தையை எத்தனையோ நாளாக வாயில் வைத்திருந்தேன். ஆட்டோ கிளம்புகிற நேரத்தில் அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா, அன்னிக்கு நல்ல வெயில்னீங்களே. எவ்வளவு நல்ல வெயில்?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "ஒரு கூடை சக்கை ஈரமாப் பரப்பினேன், காலைல பத்து மணிக்கு. எப்பவும் ரெண்டு நாள் ஆகும். அன்னிக்கு மூணு மணிக்கே கையில எடுத்தா நொறுங்கிச்சு."

அவள் என்னையே பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால், காய்ந்த நேரத்திலிருந்து வெளிச்சத்தைக் கணக்குப் போடுகிற அந்தப் பழைய முகம், ஒரு நொடி.

"இதை அன்னிக்கே சார்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா," என்றாள்.